வட்டச் சுவரின் 1,184 கற்கள்

1. காற்றுக்குள் இருந்து ஒரு குரல்

1987 ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது இருபதுக்கு எங்கள் வரைபடக் கந்தோரில் தொலைபேசி அடித்தது. எங்கள் மேலாளர் மிஸ் கார்ட்டர் எடுத்தார். அரை நிமிடம் பேசாமல் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்குத்தான், மிஸ்டர் சிவம். டொனல்ட். ஆள் நல்ல கோபத்தில நிக்கிறார்."

டொனல்ட், ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் கல்வேலை செய்யும் மேசன். அவர் முகத்தை நான் கண்டதில்லை. அவர் குரல் எப்போதும் காற்றுக்குள் இருந்துதான் வரும்.

"மிஸ்டர், பன்னிரண்டு, மூன்று, ஏழு எண்டு உங்கட படத்தில ஒரு கல்லுக் கீறியிருக்கிறியள். அதின்ர நீளம் எவ்வளவு?"

பன்னிரண்டாம் பனல், மூன்றாம் வரி, ஏழாம் கல். தாளை எடுத்துப் பார்த்தேன். "ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர்."

"அதே இலக்கத்தில தகடு கட்டின கல்லு இப்ப என்ர கையில இருக்கு. பேக்கரியில வாங்கிற அரைப் பாண் அளவு. இதை இழுத்து ஐம்பத்தெட்டு ஆக்கிறதுக்கு லண்டனில மெஷின் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"வேற கல்லுகளைப் பார்த்தீங்களோ?"

"பதினொரு கல்லுப் பார்த்தாச்சு. ஒண்டும் பொருந்தேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் கீறினது ஆருடைய வீட்டுச் சுவர்?"

நான் ரிசீவரை வைத்துவிட்டு அந்தத் தாளைத் திரும்ப விரித்தேன்.

2. கட்டடமும் வேலையும்

கணினியில் படம் வரையும் இன்றைய இளையவர்களுக்கு இந்த வேலை எப்படி நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

நான் கொழும்பில் நில அளவைக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் படவரைஞனாக இருந்தவன். எண்பத்து நான்கில் மனைவியோடு லண்டனுக்கு வந்து ஹரோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தேன். அறை இரண்டு, படி பதினான்கு. இரண்டு வருடத்தில் முப்பத்தேழு வேலைகளுக்கு எழுதிப் போட்டேன். முப்பத்தெட்டாவது, ஃபரிங்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த இந்தச் சிறிய கந்தோர். பழைய கட்டடங்களைப் போட்டோவிலிருந்து அளந்து கல் கல்லாகக் கீறுவது அவர்கள் தொழில். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. வேலை தற்காலிகம். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம் வந்தால்தான் இருக்கலாம்.

எனக்குக் கிடைத்த முதற் கட்டடம் ஒரு ப்ரொக். அது வட்டமான கற்கோட்டை. கோட்டையும் அதுதான், வீடும் அதுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர், அந்தத் தீவில் எழுத்தென்று ஒன்று வருவதற்கு முன், மனிதர் கட்டிக் குடியிருந்தது. சாந்து கிடையாது. கல்லின் மேல் கல், இடைவெளியில் அடித்து இறுக்கிய செருகுகல். சுவர் இரட்டை, இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி ஏறும் படி. வாசல் ஒன்று, அதற்குள்ளும் குனிந்துதான் நுழையலாம். யன்னல் பூச்சியம். முழுக் கோபுரமாக நின்றது இடிந்து, இப்போது நான்கு மீற்றர் உயரம்தான் எஞ்சியிருந்தது. குறுக்களவு பதினெட்டு மீற்றர்.

வெளிச்சுவரைச் சுற்றி இருபத்து நான்கு சம பாகமாகப் பிரித்திருந்தோம். அந்தப் பாகம்தான் பனல். எண்பத்தாறு செப்டெம்பரில் போட்டோக்காரர் தீவுக்குப் போய்ப் படமெடுத்து வந்தார்கள். ஒவ்வொரு பனலுக்கும் இரண்டு போட்டோ, சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்தது. இரண்டையும் கருவியில் பொருத்தி இரு கண்ணாலும் பார்த்தால் சுவர் புடைத்து முன்னால் எழும்பி நிற்கும். ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் கருவியால் சுற்றி வந்தால் பென்சில் தாளில் அதைக் கீறும்.

வாசலுக்கு நேர் எதிர்ப்புறத்தில் சுவர் வயிறு தள்ளியிருந்தது. அதை ஆராய்ந்தவர் மேல்மாடிக் கந்தோரில் இருந்த கட்டட எஞ்சினியர் ராகவன். மெட்ராஸ்காரர், என்னிலும் பதின்மூன்று வயது இளையவர். எனது படங்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பதும் அவர்தான். "வின்டர் வந்தா இது நிக்காது சார்," என்றார். "பதினொண்ணுலேர்ந்து பதினாலு வரைக்கும் நாலு பனலையும் இப்பவே எறக்கிடணும்."

நான் படம் கீறும் வரை காத்திருக்க நேரமில்லை. ஒக்டோபரிலேயே டொனல்ட் கற்களைக் கழற்றினார். ஒவ்வொரு கல்லிலும் செம்புக் கம்பியால் இலக்கத் தகடு கட்டிப் பக்கத்து வயலில் அடுக்கினார். இலக்கம் இடுவதற்கு இருவருக்கும் பொதுவாக மிஸ் கார்ட்டர் எழுதிய விதித்தாள் ஒன்று இருந்தது: வாசலில் தொடங்கு, தொடர்ச்சியாக எண்ணு, அடி வரியிலிருந்து மேலே போ. அந்த விதிப்படி அவர் கல்லுக்கு இலக்கம் இட்டார், அதே விதிப்படி நான் படத்துக்கு இலக்கம் இட்டேன். வசந்தத்தில் எனது நான்கு தாளையும் பார்த்து அவர் சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

3. பிழை என்னிடம் இல்லை

செவ்வாயும் புதனும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. போட்டோக்களைத் திரும்பக் கருவியில் ஏற்றிக் கல் கல்லாக எண்ணினேன். பதினோராம் பனல் 289. பன்னிரண்டு 302. பதின்மூன்று 311. பதினான்கு 282. கூட்டினால் 1,184. முதல்முறை எண்ணியபோதும் 1,184. ஒரு கோடு கூடப் பிசகவில்லை.

ராகவன் இறங்கி வந்து தானும் பார்த்தார். "நான் செக் பண்ணி சைன் போட்டது சார் இது. தப்பு இருக்க சான்ஸே இல்ல. அந்த மேசன் குளிருக்கு ரெண்டு ரவுண்டு விட்டுட்டு டேக் மாத்திக் கட்டியிருப்பான்."

"பதினொரு கல்லையும் மாத்திக் கட்டுறதுக்குப் போத்தில் கணக்கில குடிச்சிருக்க வேணும், தம்பி."

புதன் பின்னேரம் மிஸ் கார்ட்டர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் இருக்கச் சொன்னால் நல்ல செய்தி இல்லை.

"கட்டடத்துக்குப் பொறுப்பான அதிகாரி அடுத்த கிழமைக்கு அடுத்த வியாழன் இங்க வாறார். அதுக்கிடையில படமும் கல்லும் பொருந்தாட்டி, படத்தை விட்டுட்டுக் கண்மட்டத்தில, குத்துமதிப்பாக் கட்டச் சொல்லிப் போடுவார்."

"கண்மட்டத்தில கட்டினால் அது பழைய சுவரில்லையே. பழைய கல்லில கட்டின புதுச் சுவர்."

"எனக்கும் தெரியும். பிறகு மிச்சம் இருபது பனலும் எங்களுக்கு வராது, மிஸ்டர் சிவம். உங்களுக்குத் தர வேற வேலையும் என்னட்டை இல்லை."

அன்று ஹரோவுக்குப் போகும் ரயிலில் முப்பத்தொன்பதாவது விண்ணப்பம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். வீட்டில் மனைவி புஷ்பம் கடலை அவித்து வைத்திருந்தார். நான் பேசாமல் இருந்து தின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கடலையையும் எண்ணிப்போட்டுத்தான் வாய்க்குள்ள போடுறியள். எண்ணுறதில பிழையில்லை எண்டால் வேற எதிலையோ பிழை இருக்கு. அதைப் போய்ப் பாருங்கோவன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் ரயிலில் அந்த முப்பத்தொன்பதாவது விண்ணப்பத்தை மனதில் கிழித்துப் போட்டேன். படம் சரி. கல்லும் சரியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் இடையில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

4. பிஸ்கட் பேணியைச் சுற்றி

வியாழனும் ஒன்றும் கிடைக்காமல் போனது. வெள்ளிக்கிழமை காலை மிஸ் கார்ட்டரே பொறுமை இழந்தார். நடு அறையில் இருந்த பெரிய படமேசையைத் துப்புரவாக்கி, வட்டமான தகர பிஸ்கட் பேணி ஒன்றை நடுவில் வைத்தார். வாசல் என்று ஒரு பக்கத்தில் கடதாசித் துண்டு ஒட்டினார்.

"இதுதான் ப்ரொக். முதற் பனலிலிருந்து எப்படி எண்ணினீங்கள் எண்டு எனக்கு முன்னால எண்ணிக் காட்டுங்கோ."

கடதாசித் துண்டுக்கு நேரே நின்று நான் மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். "ஒண்டு. இரண்டு. மூண்டு." ராகவனும் எனக்குப் பின்னால் நடந்து வந்தார். எங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மிஸ் கார்ட்டரும் வாசலில் தொடங்கி ஒன்று, இரண்டு என்று நடந்தார். ஆனால் மற்றப் பக்கமாக.

மேசையின் அந்தக் கரையில், வாசலுக்கு நேர் எதிரே, நான் பன்னிரண்டு என்றபோது அவரும் பன்னிரண்டு என்றார். மூக்குக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு அடி இருந்திருக்கும்.

"ஏன் இந்தப் பக்கமா வாறியள்?" என்று கேட்டார்.

"நீங்கள் ஏன் அந்தப் பக்கமாப் போனீங்கள்?"

"சுவரைப் பார்த்து நிண்டால் இடமிருந்து வலம். வாசிக்கிற மாதிரி. எல்லாரும் அப்பிடித்தானே!"

எனக்குப் பின்னாலிருந்து ராகவன் பணிவாகச் சொன்னார்: "இல்ல மேடம். எதைச் சுத்தினாலும் அது நம்ம வலது கைப் பக்கம் இருக்கணும்."

"ஆர் சொன்னது?"

ராகவன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அதை யாரும் சொன்னதில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து கோயிலை வலம் வந்த கால்கள்; வட்டமாக ஒன்றைக் கண்டால் அவை தாமாக அந்தப் பக்கம்தான் திரும்பும். தாளில் எனது எண்கள் வலமிருந்து இடமாக ஓடியதை நானே கீறி, நானே இருமுறை எண்ணியும், அது எனக்குப் புதுமையாகத் தெரியவில்லை. ராகவனுக்கும் தெரியவில்லை.

"அப்ப மற்றப் பக்கமா நீங்கள் ஒருநாளும் சுத்தவே மாட்டீங்களோ?" என்றார் மிஸ் கார்ட்டர்.

"சுத்துவம்," என்றேன். "செத்தவீட்டில."

மிஸ் கார்ட்டர் கதிரையை இழுத்து இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "விதித்தாளில பக்கம் எழுதாதது நான்தான்."

கெட்ட பகுதி வாசலுக்கு நேர் எதிரே இருந்ததுதான் எங்களை இவ்வளவு நாள் ஏமாற்றியது. எந்தப் பக்கத்தால் எண்ணினாலும் அந்த நான்கு பனலுக்கும் பதினொன்று முதல் பதினான்கு வரைதான் இலக்கம் வரும். எனது பன்னிரண்டு டொனல்டுக்குப் பதின்மூன்று. எனது பதினொன்று அவருக்குப் பதினான்கு. வேறு எந்த இடத்தில் சுவர் வயிறு தள்ளியிருந்தாலும் இலக்கமே வேறாக வந்து முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

எனது பங்குப் பிழையையும் எழுதிவிட வேண்டும். சுவரை மேலிருந்து பார்த்தபடி, எந்தப் பனல் எங்கே என்று காட்டும் வட்டப்படம் ஒன்று இருபத்தைந்தாவது தாளாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் கீறலாம் என்று அதைத் தள்ளி வைத்திருந்தேன். அந்த ஒரு தாள் டொனல்ட் கையில் போயிருந்தால் அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார்.

5. எட்டு வேலை நாள்

அன்றே டொனல்டுக்குத் தொலைபேசி அடித்தேன். வாசலிலிருந்து எந்தப் பக்கமாகப் போனீர்கள் என்று கேட்டேன்.

"இடமிருந்து வலம். வேற எந்தப் பக்கமாப் போறது?"

"நான் மற்றப் பக்கமாப் போயிட்டன்."

திட்டுவார் என்று காதைச் சற்று விலக்கினேன். அவர் சிரித்தார்.

"வெயில் போற பக்கமாவோ? எங்கட பழைய ஆக்களும் கிணத்தையும் கோயிலையும் அப்பிடித்தான் சுத்தினவை. அது கும்பிடுறதுக்கு, மிஸ்டர். இலக்கம் போடுறதுக்கு இல்லை."

அவருடைய பன்னிரண்டாம் பனலின் மூன்றாம் வரியை அளந்து வாசிக்கச் சொன்னேன். முப்பத்தொன்று, பதினெட்டு, ஐம்பத்திரண்டு, இருபத்திரண்டு, பதினான்கு, இருபத்தேழு, பத்தொன்பது, முப்பத்தைந்து, பதினாறு. ஒன்பது கல். எனது பதின்மூன்றாம் பனலின் மூன்றாம் வரியைக் கடைசிக் கல்லிலிருந்து பின்னோக்கிப் பார்த்தேன். முப்பத்தொன்று, பதினெட்டு. பொருந்தியது. அடுத்தது ஆறு. அவரிடம் ஆறு இல்லை. எனது வரியில் பன்னிரண்டு கல் இருந்தது.

"மூண்டு கல்லுக் குறையுது," என்றேன். "ஆறு, ஏழு, ஐந்து சென்ரிமீற்றர்."

"அது செருகுகல்லு. அதுக்கெல்லாம் ஆர் தகடு கட்டுறது? சாக்கில போட்டிருக்கிறன்."

"எத்தனை சாக்கு?"

"ஆறோ ஏழோ இருக்கும். எண்ணேல்லை."

"எண்ணேல்லையோ!"

"உங்களைப்போல ஒரு ஆள் உலகத்தில இருக்கிறார் எண்டு எனக்கு முதலே தெரியாது, மிஸ்டர்."

நான் கண்ணில் பட்ட ஒவ்வொரு கல்லையும் எண்ணியிருந்தேன். அவர் கையால் தூக்கிய கல்லை மட்டும் எண்ணியிருந்தார். ஆகவே பக்கத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியிலும் செருகுகல் எது, கட்டுக்கல் எது என்று பிரித்து, ஒவ்வொரு இலக்கத்தையும் தனியே பொருத்த வேண்டும். டொனல்ட் இலக்கம் இட்ட கற்கள் 871. மிஞ்சியது எட்டு வேலை நாள். நாளொன்றுக்குச் சராசரி நூற்றொன்பது.

காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் வரை டொனல்ட் வயலில் நின்று அளப்பார், கொட்டிலுக்குள் ஓடிவந்து தொலைபேசியில் வாசிப்பார், திரும்ப ஓடுவார். நான் எழுதுவேன். மதியத்துக்குப் பிறகு அந்த அளவுகளைப் படத்தில் தேடுவேன். பொருந்தியதற்குப் பச்சை, பொருந்தாததற்குச் சிவப்பு. மூன்றாம் நாள் தீவில் மழை பெய்து வேலை நடக்கவில்லை. நூற்றொன்பது நூற்று முப்பத்தொன்று ஆனது. ராகவன் தன் வேலையை முடித்துவிட்டு வந்து, "சார், நான் பின்னாலேர்ந்து தேடிட்டு வரேன், நீங்க முன்னாலேர்ந்து வாங்க," என்று தாளின் மற்றக் கரையில் இருப்பார். புதன்கிழமை மாலை நான்கரைக்குக் கடைசி வரி முடிந்தது. பச்சை 868. சிவப்பு மூன்று: படத்தில் இடம் இருந்தது, அதற்குரிய கல்லின் அளவு இல்லை.

அந்த மூன்றையும் ஆறரை வரை தேடினேன். கிடைக்கவில்லை.

6. ஐந்து கல்

வியாழன் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கோட்டைக் கழற்றவில்லை, நெடுநேரம் இருக்கும் எண்ணம் இல்லை என்று விளங்கியது.

மிஸ் கார்ட்டர் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பிழை ஆருடையது?" என்றார்.

"விதித்தாள் என்னுடையது," என்றார் மிஸ் கார்ட்டர்.

"வட்டப்படத்தைக் கீறாமல் விட்டது நான்," என்றேன். மேசைக்குக் கீழே ராகவன் என் காலை மிதித்தார்.

அதிகாரி எங்கள் பட்டியலைத் தொடக்கூட இல்லை. ரிசீவரை எடுத்து டொனல்டோடு தானே பேசினார். தன் விருப்பப்படி ஓர் இலக்கம் சொல்லி, அந்தக் கல்லை அளக்கச் சொல்லி, பதிலை என் கண்ணில் படாமல் ஒரு தாளில் குறித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"பதினான்கு, இருபது, மூன்று."

எனது பதினோராம் பனலில் தேடினேன். "நீளம் நாற்பத்தொன்று. உயரம் பதின்மூன்று."

ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலக்கம். அதற்கடுத்தது. நான்காவது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சரியா பிழையா என்று தெரியாமல் நான் சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தாவதற்கு நீளம் இருபத்தாறு, உயரம் பதினைந்து என்று சொல்லிவிட்டு, "இடது மேல் மூலையில ஒரு சில்லு உடைஞ்சிருக்க வேணும்," என்றேன்.

அவர் ரிசீவரில் கேட்டார். நீண்ட நேரம் பதில் வரவில்லை. டொனல்ட் திரும்ப வயலுக்கு ஓடியிருக்க வேண்டும். பிறகு அதிகாரி தலையை ஆட்டினார். தாளை எங்கள் பக்கம் திருப்பினார். ஐந்தும் சரி.

ராகவன் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் நான் சொன்னேன்: "ஐயா, மூன்று கல்லுப் பொருந்தேல்லை. இலக்கங்கள் கடைசித் தாளில இருக்கு."

இம்முறை மிஸ் கார்ட்டரும் என் மற்றக் காலை மிதித்தார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி கடைசித் தாளைப் புரட்டினார். "இரண்டாயிரம் வருசத்துச் சுவர். கேட்காமலே மூன்றைச் சொல்லுறியள்." பேனையை எடுத்தார். "சரி. இந்தப் படத்தின்படியே கட்டட்டும். அந்த மூன்று இடத்திலையும் மேசன் தன்ர புத்திக்கு ஏற்ற கல்லை வைக்கட்டும். மிச்சம் இருபது பனலையும் எப்ப தருவீங்கள்?"

டொனல்ட் ஓகஸ்ட் மாதத்தில் சுவரைக் கட்டி முடித்தார். சிவப்பு மூன்றில் இரண்டு, இறக்கும்போதே உடைந்து போனவை என்று பிறகு தெரியவந்தது. மூன்றாவதை அவர் கொட்டிலுக்கு முன்னால் போட்டு, அதன் மேல் குந்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். தகடு உடுப்பில் மாட்டுகிறதென்று கழற்றி எறிந்துவிட்டாராம்.

7. கையெழுத்து

அந்தக் கந்தோரில் நான் தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெறும் வரை மேலும் பதினோரு வருடம் இருந்தேன். ப்ரொக், தேவாலயம், பாலம், மணிக்கூட்டுக் கோபுரம் என்று நாற்பத்து மூன்று கட்டடம் கீறினேன். எல்லாவற்றிலும் மேலிருந்து பார்த்த படம்தான் முதலாவது தாள். அதில் எண்ணத் தொடங்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி. இது எவருக்கும் தெரியும் என்று தோன்றும் விஷயத்தைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நான் பிறகு வந்தவர்களுக்குச் சொன்னேன். ஆனால் அம்புக்குறி போடுவது சின்னப் பாடம். பெரியது வேறு.

இருபது பனலில் முதலாவதை முடித்ததும், சரிபார்க்க அதை ராகவனிடம் கொடுக்கவில்லை. எங்கள் கந்தோரில் மார்கரெட் என்றொரு படவரைஞர் இருந்தார். என்னோடு அவருக்கு ஒத்துவராது. நான் எண்ணுவதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாளை அவரிடம் கொடுத்தேன். நான்கு நாள் எடுத்து, பதினேழு இடத்தில் சிவப்பு மையால் கேள்வி எழுதித் தந்தார். பன்னிரண்டு வீண் கேள்வி. ஐந்து உண்மையான பிழை.

செய்தி மேல்மாடிக்கு எட்டியது. ராகவன் இறங்கி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். முகம் வாடியிருந்தது.

"என்ன சார், என் மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"இல்லைத் தம்பி. நான் எதைப் பார்க்காமல் விடுறனோ, நீரும் அதைத்தான் பார்க்காமல் விடுவீர்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு, மார்கரெட்டின் பதினேழு சிவப்புக் கேள்வியையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். ஐந்தாவது உண்மையான பிழைக்கு வந்தபோது, "இதை நான் பாஸ் பண்ணியிருப்பேன் சார்," என்றார்.